நெய் வெண்ணெயான கதை: ஜப்பானிய நகைச்சுவை அனிமேயில் அயலார் முகம்

1973 மார்ச் மாதம் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு சிறுவன் வானத்திலிருந்து விழுந்தான். ஆப்பிரிக்கக் காட்டைச் சேர்ந்தவன். தலைக்கு மேல் பறந்த விமானத்தைப் பெரிய பறவை என்று எண்ணிப் பிடிக்கப் போனவன், அதிலேயே தொற்றிக்கொண்டு ஜப்பான்வரை வந்துவிட்டான். விழுந்தவனைச் சராரி என்கிற குடும்பம் காப்பாற்றுகிறது. மாதச் சம்பளக்காரரை ஜப்பானில் 'சராரிமான்' என்பார்கள். குடும்பப் பெயரிலேயே ஒரு கிண்டல். கைம்மாறு செய்யாமல் ஊர் திரும்புவதில்லை என்று பையன் அங்கேயே தங்கிவிடுகிறான். அதற்காக அவன் காட்டும் மந்திர வித்தைகள் அடிக்கடி சொதப்பும். அந்தச் சொதப்பல்தான் நகைச்சுவை. பையன் பெயர் குரோபே. 'குரோ' என்றால் கறுப்பு. தொடரின் பெயர் 'ஜங்கிள் குரோபே'.

உருவாக்கியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாத்திரங்களைப் படைத்தது டோராமோனைத் தந்த ஃபுஜிகோ ஃபுஜியோ. தொடருக்கான ஆரம்ப யோசனையில் அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கும் பங்கு உண்டு. குரோபே நல்ல பையன், நன்றி மறவாதவன், குழந்தைகளுக்குப் பிடித்தவன். ஆனால் அவனை வரைந்திருந்த விதம்? கரிய மேனி, முகத்தில் பாதியைப் பிடித்துக்கொண்ட வெளிறிய உதடு, காட்டுவாசிக் கோலம்.

1989 வாக்கில் குரோபே காணாமல் போனான். மறு ஒளிபரப்பு இல்லை, மாங்கா என்கிற சித்திரக்கதை வடிவத்துக்கும் மறுபதிப்பு இல்லை. யாரும் தடை போடவில்லை, நீதிமன்றமும் சொல்லவில்லை. உரிமையாளர்களே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைக்கு அப்படியொரு தொடர் இருந்ததே தெரியாது.

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களின் நகைச்சுவையில் இனச் சித்திரிப்பு என்று பேச ஆரம்பித்தால் இரண்டு வாதங்கள் உடனே வரும். 'ஜப்பானியருக்கு இனவெறி' என்பது ஒன்று. 'அவர்களுக்கு வெளியுலகம் தெரியாது, பாவம், விளையாட்டாகச் செய்ததை ஊதிப் பெரிதாக்காதீர்கள்' என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறி வாதங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குரோபேயின் உதட்டை வரைந்த கை, அதை எங்கோ பார்த்துத்தான் வரைந்தது. ஆப்பிரிக்காவில் பார்த்ததா என்றால், இல்லை. வேறொரு படத்தில் பார்த்தது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் பயணம் கொஞ்சம் விசித்திரமான இடங்களில் நிற்கிறது. அதில் ஒன்று நம்மூர்.

முதலில் கப்பல். 1853-இல் கறுப்புக் கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டிய அமெரிக்கக் கடற்படைத் தலைவர் மேத்யூ பெர்ரி, மறு ஆண்டு ஒப்பந்தம் போடத் திரும்பி வந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சில நாள் முன்பு, பவ்ஹாட்டன் என்ற கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கேளிக்கை. வெள்ளைக்கார மாலுமிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின அடிமைகளைப் போல ஆடிப் பாடிக் காட்டினார்கள். மின்ஸ்ட்ரல் என்ற அந்தக் கூத்து அன்றைய அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று அமெரிக்கக் குறிப்புகள் பெருமையோடு சொல்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடைத்துக் கிடந்த நாட்டுக்கு அமெரிக்கா கொண்டுவந்து இறக்கிய முதல் கேளிக்கைச் சரக்குகளில் இது ஒன்று.

அடுத்தது ரயில். ஹெலன் பேனர்மன் ஸ்காட்லாந்துப் பெண்மணி. கணவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்தார். தம்பதியர் பல ஆண்டுகள் சென்னையில் வாழ்ந்தார்கள். கொடைக்கானலில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சென்னை திரும்பும் நெடும்பயணத்தில், அவர்களுக்கு அனுப்புவதற்காக அவர் எழுதிப் படம் வரைந்த கதை 1899-இல் லண்டனில் நூலாக வந்தது. 'லிட்டில் பிளாக் சாம்போ'. சிறுவன் ஒருவனின் புதுத் துணிமணிகளைப் புலிகள் பிடுங்கிக்கொள்கின்றன. யார் அழகு என்று தங்களுக்குள் சண்டை போட்டு, ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் அம்மா பலகாரம் சுட்டுப் போடுகிறாள். புலியும் நெய்யும் இருக்கிற கதை எந்த ஊரில் நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதை அமெரிக்காவுக்குப் போனதும் சாம்போ ஆப்பிரிக்கனாகிவிட்டான். அங்கே 'சாம்போ' என்பது ஏற்கெனவே கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல். திருட்டுப் பதிப்புகளும் புதுப் பதிப்புகளும் மின்ஸ்ட்ரல் கூத்தின் முகத்தை எடுத்து அவனுக்கு மாட்டின. 1927-இல் ஃப்ராங்க் டோபியாஸ் படம் வரைந்த அமெரிக்கப் பதிப்பைத்தான், 1953-இல் டோக்கியோவின் இவனாமி ஷோட்டென் பதிப்பகம் ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தது. அங்கே நெய்யை யாருக்குத் தெரியும்? புலிகள் உருகி வெண்ணெயாயின. புத்தகம் தலைமுறை தலைமுறையாக விற்றது. 'புலி வெண்ணெய்' என்றால் இன்றும் ஜப்பானில் வயதானவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். தங்கள் பால்யத்தின் பலகார வாசனை அது.

தமிழ்நாட்டில் பிறந்து, லண்டனில் அச்சாகி, அமெரிக்காவில் முகம் மாறி, டோக்கியோவில் வெண்ணெயாகிப்போன கதை. இப்படி வந்து சேர்ந்த முகம்தான் 1960-இல் 'டாக்கோ-சான்' என்ற காற்றடைத்த கறுப்புப் பொம்மையாகி இளம்பெண்களின் கைகளில் தொற்றிக்கொண்டு தெருவெங்கும் உலா வந்தது. குரோபேயின் முகமும் அதே அச்சு. போருக்குப் பிந்தைய ஜப்பானிய மாங்காவின் ஆசான் ஒசாமு தெசுகா, பெரிய கண்களைத் தன் பாத்திரங்களுக்கு அமெரிக்கக் கார்ட்டூன்களிலிருந்து எடுத்துக்கொண்டதை வெளிப்படையாகவே சொன்னவர். அந்தப் பார்சலில் கண்களோடு சேர்ந்து தடித்த உதடுகளும் வந்தன. கண்ணை உலகமே கொண்டாடுகிறது. உதட்டை விளக்கத்தான் ஆள் இல்லை.

இனி மூடி போட்ட கதை. 1986-இல் பிரதமர் யசுஹிரோ நகசோனே, அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் இருப்பதால் அந்நாட்டின் சராசரி அறிவுத்தரம் தாழ்ந்திருக்கிறது என்ற பொருள்படப் பேசி மாட்டிக்கொண்டார். 1988-இல் ஆளுங்கட்சியின் இன்னொரு பெருந்தலை, மிச்சியோ வதனபே, கறுப்பின அமெரிக்கர்கள் கடன் வாங்கிவிட்டுக் கவலையே இல்லாமல் திவாலாகிவிடுவார்கள் என்கிற தொனியில் பேசினார். அந்தக் கோடையிலேயே வாஷிங்டன் போஸ்ட் ஏடு, ஜப்பானியக் கடைகளில் விற்கும் கறுப்புப் பொம்மைகளைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கார் ஏற்றுமதியை வைத்து இரு நாடுகளும் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்த நேரம். இன்னொரு பக்கம், ஒசாகாவை அடுத்த சாகாய் நகரில் ஒரே ஒரு குடும்பம், அப்பா அம்மாவோடு தொடக்கப்பள்ளி மாணவனான மகனும் சேர்ந்து, கறுப்பினப் பாகுபாட்டுக்கு எதிராக ஒரு சங்கம் தொடங்கிப் பதிப்பகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் எழுத ஆரம்பித்தது.

விளைவு மளமளவென்று நடந்தது. 1988 முடிவதற்குள் இவனாமி சாம்போவை நிறுத்தியது. மற்றப் பதிப்பகங்களும் பின்தொடர்ந்தன. சான்ரியோ நிறுவனம் தன் சாம்போ பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. கல்பிஸ் என்ற பால் பானத்தின் பல்லாண்டுப் பழைய சின்னமான, உறிஞ்சுகுழலில் பானம் குடிக்கும் கறுப்பு மனிதன், 1990-இல் போனான். (அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஒரு ஜெர்மானிய ஓவியர். ஜப்பான் சரக்கு என்று நினைத்துத் தோண்டினால் எங்கும் ஐரோப்பிய, அமெரிக்க முத்திரைதான் கிடைக்கிறது.)

'நாறும் பண்டத்துக்கு மூடி போடு' என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. நம்மூர் முழுப் பூசணிக்காய்க்கு அது தூரத்துச் சொந்தம். 1988-90இல் நடந்தது அதுதான். எது தவறு, ஏன் தவறு, அந்த உதடு எங்கிருந்து வந்தது என்ற பேச்சு ஒரு சிறு வட்டத்தைத் தாண்டவில்லை. வம்பு வந்தது, சரக்கை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். விதிவிலக்காகச் சொல்ல வேண்டியது தெசுகாவின் நூல்கள். அவற்றுக்கும் புகார் வந்து விற்பனை நின்றது. ஆனால் 1989-இல் இறந்துபோனவரின் படங்களைத் திருத்துவதும் சரியில்லை, பூட்டி வைப்பதும் சரியில்லை என்று முடிவெடுத்து, பின்னிணைப்பாக ஒரு விளக்கக் குறிப்போடு மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் படங்கள் இன்னாரைப் புண்படுத்துகின்றன என்பதை வாசகனிடம் சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பது. எனக்கு இதுவே நேர்மையான வழியாகப் படுகிறது. சாம்போவும் 2005-இல் வேறொரு சிறு பதிப்பகம் வழியாகத் திரும்பி வந்தான்; வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தான். மூடி போட்டால் பசி அடங்குவதில்லை போலும்.

வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். அனிமேயின் வரைகலைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. சைலர் மூனின் நாயகி உசாகிக்குப் பொன்னிறக் கூந்தல், நீலக் கண். மேற்கத்திய ரசிகர்கள் அவளை வெள்ளைக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்தச் சந்தேகமே வராது. அவள் டோக்கியோவின் அசாபு ஜூபான் பகுதியில் இருக்கும் பள்ளிக்கூடப் பெண். பச்சை முடியானாலும் ஊதாக் கண்ணானாலும், வேறு அடையாளம் தராதவரை எல்லா முகமும் ஜப்பானிய முகமே. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'முகொகுசெகி', நாடற்றது என்று பொருள். ஆனால் அது நாடற்றதும் இல்லை, சொல்லாமலே ஜப்பான்.

இதன் விலையை அயலார் கட்டுகிறார்கள். ஜப்பானியரே பொன்முடியோடு அலைந்தால், நிஜமான அமெரிக்கர் ஒருவர் உள்ளே வரும்போது அவரை எப்படிக் காட்டுவது? மூக்கை நீட்ட வேண்டும், தாடையைச் சதுரமாக்க வேண்டும், வாயில் 'ஓ' போட வேண்டும். நகைச்சுவை என்றால் இன்னும் அவசரம். நாலு நொடியில் ஆள் யாரென்று தெரிந்து, ஐந்தாவது நொடியில் சிரிப்பு வர வேண்டும். சோகக் கதைக்கு ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்த அரை மணி நேரம் இருக்கிறது, நகைச்சுவைக்கு இல்லை. அதனால்தான் பழைய அச்சுகள் எல்லாம் மற்ற வகைகளில் மறைந்த பிறகும் நகைச்சுவையில் கிடந்து புழங்குகின்றன.

அச்சு முகத்தில் மட்டும் இல்லை, பேச்சிலும் உண்டு. ஒசாகா பல்கலைக்கழக மொழியியலாளர் சதோஷி கின்சுய் 2003-இல் எழுதிய நூல் ஒன்றில் 'யகுவாரிகோ' என்ற கருத்தை விளக்கினார். பாத்திர மொழி என்று சொல்லலாம். மாங்காவில் வரும் கிழட்டு விஞ்ஞானி 'வாஷி' என்று தன்னைச் சொல்லி, 'ஜா' என்று வாக்கியத்தை முடிப்பார். எந்த ஜப்பானிய விஞ்ஞானியும் அப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் ஒரு வரி கேட்டதுமே குழந்தைக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதுபோல, சீனர் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் 'அரு' சேர்த்துப் பேச வேண்டும். ஜப்பானியம் கற்கும் சீனர்கள் உண்மையில் இப்படிப் பேசுவதில்லை. வேர், மெய்ஜி காலத்து (1868-1912) யோகோஹாமா துறைமுகத்தில் வெளிநாட்டாரும் உள்ளூர்க்காரரும் பேரம் பேசிய கலப்பு மொழியில் இருக்கிறது. 1879-இல் வெளியான ஒரு நையாண்டிக் கையேடு அந்தத் துறைமுக மொழியைப் பாடம் போலப் பதிவுசெய்திருக்கிறது. சீனர் பேசும் விதத்துக்கென்று தனிப் பகுதியும் அதில் உண்டு. துறைமுகம் மாறியது, அந்த மொழி பேசியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். 'அரு' மட்டும் கார்ட்டூனில் பிழைத்திருக்கிறது. 'ரன்மா ½' தொடரில் வரும் சீனப் பெண் ஷாம்பூவின் பேச்சிலும் இந்த வாடை உண்டு. 'கின்டாமா'வின் காகுரா சீனப் பெண்கூட இல்லை, வேற்றுக்கிரகவாசி. சீன உடையும் கொண்டையும் போட்டு 'அரு' என்று பேசுகிறாள். வட்டிக்கடை சேட்டு திரையில் வந்தாலே 'நம்பள்கி' என்பாரே, அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தனியாக விளக்க வேண்டாம்.

ஜப்பானியர் தங்களுக்குள்ளும் இதைச் செய்வார்கள். 'அசுமாங்கா தையோ'வில் ஒசாகாவிலிருந்து ஒரு மாணவி டோக்கியோ பள்ளியில் வந்து சேர்கிறாள். ஒசாகாக்காரர் என்றால் வாயாடி, சிரிக்க வைப்பவர், காசில் கறார் என்று ஊரே ஒரு பிம்பம் வைத்திருக்கிறது. சொந்தப் பெயர் இருந்தும் 'ஒசாகா' என்றே அழைக்கத் தொடங்குகிறார்கள். அவளோ கனவில் நடப்பவள் போல இருக்கும் மந்தமான பெண். பிம்பத்துக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைத்தான் தொடர் முழுக்கச் சிரிப்பாக்குகிறது. இனப் பிம்பத்தை வைத்து விளையாடுவதில் இது எவ்வளவோ உயர்ந்த ஆட்டம். சிரிப்பு அவள் மேல் விழுவதில்லை, பெயர் வைத்தவர்கள் மேல் விழுகிறது. அமெரிக்காவில் இதை ஆங்கிலத்தில் பேசவைத்தபோது அவளுக்குத் தென்மாநில இழுவையைக் கொடுத்தார்கள். ஒரு ஊர்ப் பிம்பத்துக்கு இன்னொரு ஊர்ப் பிம்பம் மாற்றாக வந்தது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் 'ஹெடாலியா'தான். அதற்கு முன் ஜப்பானில் பிரபலமான பழைய ஜோக் ஒன்று. மூழ்கும் கப்பலிலிருந்து பயணிகளைக் கடலில் குதிக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்கரிடம் கேப்டன் 'குதித்தால் நீங்கள்தான் ஹீரோ' என்கிறார். ஆங்கிலேயரிடம் 'குதித்தால் கனவான்'. ஜெர்மானியரிடம் 'குதிக்க வேண்டும் என்பது விதி'. இத்தாலியரிடம் 'குதித்தால் பெண்களுக்குப் பிடிக்கும்'. ஜப்பானியரிடம் 'எல்லோரும் குதித்துவிட்டார்கள்'. இந்த ஜோக்கை ஆயிரம் பக்கத்துக்கு நீட்டினால் கிடைப்பது ஹெடாலியா.

நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த ஹிதேகாசு ஹிமருயா இணையத்தில் வரைந்து போட்ட மாங்கா அது. நாடுகள் எல்லாம் மனிதர்கள், பெரும்பாலும் அழகான இளைஞர்கள். 'ஹெதாரே' என்றால் கையாலாகாதவன். அதோடு இத்தாலியாவைச் சேர்த்துப் பெயர். இத்தாலி பாஸ்தா கேட்டு அழும், எதிரியைக் கண்டால் வெள்ளைக்கொடி காட்டும். ஜெர்மனி விதிப் புத்தகத்தோடு விறைத்து நிற்கும். அமெரிக்கா பர்கரை மென்றுகொண்டே தன்னை நாயகன் என்று அறிவிக்கும். இங்கிலாந்து சுட்ட ஸ்கோனை யாரும் தின்ன முடியாது. ஜப்பான்? சூழலின் காற்றைப் படித்து வாயை மூடிக்கொண்டிருப்பதையே திறமையாக வைத்திருக்கும் ஆள். முடியாது என்று சொல்லத் தெரியாமல் 'ஆவன செய்கிறேன்' என்று நழுவும். தன்னையும் விட்டுவைக்காத இந்தக் கிண்டலால்தான் தொடருக்கு ஒரு கள்ளமற்ற தோற்றம் கிடைத்தது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும்கூட அதற்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

2009 ஜனவரியில் அனிமேயாக ஒளிபரப்பாக இருந்த நேரம் கொரியாவில் கொந்தளிப்பு. மாங்காவில் தென்கொரியாவும் ஒரு பாத்திரம். எதைக் கண்டாலும் 'இது என்னிடம்தான் தோன்றியது' என்று உரிமை கொண்டாடும். ஜப்பானிய இணைய உலகில் கொரியர்களை வம்புக்கிழுக்கும் கேலியின் நகல் அது. கொரியாவில் இணையத்தில் கையெழுத்து திரண்டது. தென்கொரிய நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார். ஜப்பானின் கிட்ஸ் ஸ்டேஷன் தொலைக்காட்சி ஒளிபரப்பை ரத்து செய்தது. தொடர் இணையத்திலும் கைபேசியிலும் மட்டும் வந்தது. அனிமேயில் கொரியா தலைகாட்டவே இல்லை.

'ஜெர்மானியர் சிரித்துக்கொண்டார்கள், கொரியருக்கு மட்டும் என்ன ரோஷம்?' என்று அப்போது பலர் கேட்டார்கள். விடை ஒன்றும் மறைவாக இல்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. அந்தக் காலத்தில் கொரியர் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்டை, 'எல்லாம் என்னுடையது' என்று பிடுங்குபவனாக, பிடுங்கிய நாட்டுக்காரர் ஒருவர் வரைகிறார். இத்தாலியும் ஜெர்மனியும் ஜப்பானின் கூட்டாளிகள். பழைய கூட்டாளிகளுக்குள் காலை வாரிக்கொள்வது வேறு. ஹெடாலியாவின் முழுப் பெயரில் 'அச்சு நாடுகள்' என்று இருப்பதைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரின் அச்சு நாடுகள் மூன்றும் அதில் ஒரே அறைத் தோழர்கள் போலக் கொஞ்சிக் குலவுகின்றன. அடிபட்டவர்களைக் கதைக்குள் விட்டால் அந்தக் கொஞ்சல் நிற்காது. கொரியா அனிமேயில் இல்லாமல் போனது புகாருக்குப் பயந்து செய்த வெட்டு என்றாலும், தொடரின் தர்க்கப்படி வேறு வழியும் இருக்கவில்லை.

நாடு தாண்டும்போது நடக்கும் வெட்டு ஒட்டுகள் இன்னொரு பெரிய கூத்து. போக்கிமோனில் புரோக் கையில் வைத்திருக்கும் சோற்று உருண்டையை அமெரிக்கப் பதிப்பு 'ஜெல்லி டோனட்' என்று சாதித்தது. படத்தில் சோறும் கடல்பாசியும் பளிச்சென்று தெரிகின்றன. 2014-இல் டோராமோன் அமெரிக்கா போனபோது நோபிதா 'நோபி' ஆனான், யென் டாலரானது, சாப்பாட்டுக் குச்சி முள்கரண்டியானது. இந்தியாவில் ஷின்-சான் மேல் 2008-இல் பாய்ந்தது வேறு கோபம். பெரியவர்களை மதிக்காமல், பின்புறத்தைக் காட்டி ஆடும் ஐந்து வயதுப் பையனைப் பார்த்துப் பெற்றோர் பதறினார்கள். தொடர் நிறுத்தப்பட்டு, வெட்டுகளோடு திரும்பி வந்தது. ஜப்பானிலும் பெற்றோருக்கு அவன்மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதால் இதில் பண்பாட்டு வேறுபாடு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர் எங்கும் பெற்றோரே.

ஆனால் கறுப்பு முகங்கள் கடல் தாண்டியபோது நடந்தது வெறும் நிறமாற்றம். அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' ஆரம்பத்தில் முழு நகைச்சுவைதான். அதில் வரும் மிஸ்டர் போபோ கன்னங்கரியவர், உருண்டைக் கண், தடித்த செவ்வுதடு, தலைப்பாகை, கடவுளின் பணியாள். போக்கிமோனின் ஜின்க்ஸும் ஏறத்தாழ அதே அச்சு. 2000-இல் கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளர் இரண்டையும் சேர்த்து விமர்சித்தார். ஜின்க்ஸ் ஊதாவானாள். 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிப்பு ஒன்றில் போபோ நீலமானார். ஜின்க்ஸ் உண்மையில் முகத்தைக் கறுக்க வைத்துக்கொள்ளும் 'கங்குரோ' பெண்களின் கேலிச்சித்திரம் என்று ரசிகர்கள் வக்காலத்து வாங்குவார்கள். கங்குரோ மோகம் உச்சத்துக்குப் போனது 1990களின் கடைசியில். ஜின்க்ஸ் முதலில் தலைகாட்டிய போக்கிமோன் வீடியோ விளையாட்டு வெளிவந்ததோ 1996-இல். கணக்கு உதைக்கிறது. எப்படியோ, நீலம் பூசியதும் வழக்கு முடிந்ததாகிவிட்டது.

'ஷாமன் கிங்'கின் சாக்கோலவ் இதைவிட யோசிக்க வைக்கிறான். நியூயார்க்கைச் சேர்ந்த கறுப்பினப் பையன். உலகத்தைச் சிரிக்கவைக்கப் புறப்பட்ட நகைச்சுவையாளன். அவன் சொல்லும் சிலேடைகளுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் அடிக்கவே வருவார்கள். பழைய அனிமேயில் அவனுக்கும் அதே உதடு. 2021-இல் தொடரைப் புதிதாக எடுத்தபோது உதட்டைச் சரிசெய்துவிட்டார்கள். இந்த முறை திருத்தம் அமெரிக்கப் பதிப்புக்கென்று தனியாக நடக்கவில்லை. ஜப்பானிலேயே, மூலத்திலேயே நடந்தது. ஒரு கோடு மாறியதும் அவன் வெறும் மொக்கை ஜோக் பேர்வழியாகிவிட்டான். அந்தப் பாத்திரத்துக்குத் தேவையானது அவ்வளவுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மூடி போட்டதன் விலை வேறு இடத்தில் தெரிந்தது. 2019 ஜனவரியில் நிஸ்ஸின் நூடுல்ஸின் அனிமே விளம்பரம் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவை வெளிர் தோலோடு காட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்பு, நீக்கம். 2020 ஜூனில் அமெரிக்கப் போராட்டங்களை விளக்க ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஓர் அனிமேஷன் துணுக்கு வெளியிட்டது. கறுப்பினத்தவர் புடைத்த தசையும் கோபமுமாக வந்தார்கள். போலீஸ் கையில் உயிர்விட்ட ஜார்ஜ் ஃப்ளாய்டின் பேச்சே இல்லை. மறுபடி மன்னிப்பு, நீக்கம். முப்பதாண்டுக்கு முன்பு அந்தப் படங்களை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் மேசையில் போட்டுப் பேசியிருந்தால், இந்தத் துணுக்கை வரைந்தவர்களுக்கும் ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும்.

குரோபே திரும்பிவிட்டான். 2010-இல் ஃபுஜிகோ எஃப் ஃபுஜியோ முழுத்தொகுப்பில் மாங்காவாகவும், 2015-இல் டிவிடியாகவும். அவனைத் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 1973-இல் குழந்தைகளாக இருந்தவர்கள்.

நம் கதைக்கு வருவோம். இந்தியர் அந்தத் திரையில் எப்படி? 1979-இல் தொடங்கிய 'கின்னிக்குமான்' மல்யுத்த நகைச்சுவை. வாசகர்களான பள்ளிப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய உருவங்களிலிருந்தே பல மல்லர்கள் பிறந்தார்கள். இந்தியாவின் மல்லன் பெயர் கரீ குக். தலைமேல் ஒரு தட்டு, தட்டில் குழம்பு ஊற்றிய சோறு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டில் இருப்பது இந்தியாவில் எவரும் சாப்பிடாத பண்டம். 'கறி' என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் வாயில் மாறி, மெய்ஜி காலத்தில் பிரிட்டிஷ் மசாலாப் பொடியோடு ஜப்பானுக்குப் போய் 'கரே'யாகி, மாவு சேர்த்துக் கெட்டியாகி, படைமுகாம்களிலும் பள்ளிக்கூடங்களிலும் புகுந்து அவர்கள் வீட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. இது இந்தியச் சமையலே இல்லை என்று நொந்துகொண்ட இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ், தனக்கு அடைக்கலம் கொடுத்த நாகமுராயா கடையில் 1927-இல் அசல் இந்தியக் கறியை விற்க வைத்தார். அது தனிக் கதை. கரீ குக் தன் தலையில் சுமந்தது ஜப்பானின் சொந்தச் சாப்பாட்டை. நெய் வெண்ணெயானது போலத்தான்.

கறிக்குத் துணையாக 1998-இல் ஆட்டமும் சேர்ந்தது. ரஜினிகாந்தின் 'முத்து' அந்த ஆண்டு 'ஆடும் மகாராஜா' என்ற துணைத்தலைப்போடு டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. அதன் பிறகு ஜப்பானிய நகைச்சுவையில் இந்தியா என்றால் எந்த நொடியிலும் நூறு பேர் வரிசைகட்டி ஆடிவிடுவார்கள். இதில் எனக்குப் புகார் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பிம்பத்தை ஏற்றுமதி செய்தது நாம்.

2025 ஆகஸ்டில் ஷின்-சானின் புதிய திரைப்படம் இந்தியாவுக்கே வந்தது. ஷின்-சான் வாழும் காசுகாபே நகரமும் ஓர் இந்திய நகரமும் சகோதர நகரங்களாகின்றன. நடனப் போட்டிக்காகப் பிள்ளைகள் கிளம்பி வருகிறார்கள். ஷின்-சானின் நண்பனான, சாந்தமே உருவான போ-சான் ஒரு மாயக் காகிதத்தை மூக்கில் திணித்துக்கொண்டு கொடுங்கோலனாகிறான். ஜப்பானியத் தலைப்பில் 'கரெய்' என்ற சொல் இருக்கிறது; பகட்டு என்று பொருள், காதில் விழுவது கரே. கறியும் உண்டு, ஆட்டமும் உண்டு. ஆனால் திரையில் மூக்கைக் குடைந்துகொண்டு அதிகமாக மானம் போகிறவர்கள் விருந்தாளிகளாக வந்த ஜப்பானியப் பிள்ளைகள். அடுத்த மாதமே படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. தலையில் தட்டோடு நின்ற மல்லனை வரைந்தவர்கள், அதை ஓர் இந்தியன் பார்ப்பான் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். இந்தப் படத்தை வரைந்தவர்களுக்கு, இந்தியாவில் டிக்கெட் வாங்கி உட்காரப்போகும் பிள்ளைகளும் கணக்கில் இருந்தார்கள்.